எதிராளி நன்றாக ஆடட்டும்

போட்டி மனப்பான்மையே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. போட்டி இல்லாமல் ஒருத்தரும் முன்னுக்கு வர முடியாது என்று அடித்துப் பேசுகிறவர்களோடும் ஒத்துப்போவதில்லை. இரு தரப்பும் சண்டை போடுவது அளவைப் பற்றி: போட்டி கூட இருக்கலாமா, குறைய இருக்கலாமா? நான் பார்த்த வரையில் கேள்வியே வேறு. வெறியோடு போட்டி போட்டும் மனசு கெடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே பரம சாதுவாக இருந்துகொண்டு, உள்ளுக்குள் ஒவ்வொருவரோடும் தன்னை அளந்து அளந்தே வாடிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவருக்கு என்ன நடக்க வேண்டும் என்று நம் மனசு ஆசைப்படுகிறது? அதில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

காலையில் நான் ஷட்டில் ஆடும் கோர்ட்டுக்கு ஒரு பெரியவர் வருவார். என்னைவிட நன்றாகவே மூத்தவர். வலது முழங்காலில் பட்டை போட்டிருப்பார். முன்னைப்போல ஓட முடியாது, அதனால் நம்மை ஓட விடுவார். நெட்டை உரசிக்கொண்டு ஒரு டிராப் விழும். விழுந்தடித்து ஓடி அதை எடுத்தால், அடுத்தது தலைக்கு மேலே பறந்து பின்கோட்டுக்குப் போயிருக்கும். ஒருநாள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, அவர் பக்கம் சுலபமாக இரண்டு காக் தூக்கிக் கொடுத்தேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டார். "தம்பி, சும்மா தூக்கிக் கொடுக்காதீங்க. அடிச்சு ஆடுங்க. முடியலன்னா நானே சொல்லி உட்கார்ந்துடுவேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் கண்டிப்பு இருந்தது. அதே மனிதர்தான், ஆட்டம் 20-20 என்று நிற்கும்போது கோட்டில் விழுந்த காக்கைப் பார்த்து, நான் கேட்பதற்கு முன்பே "லைன்ல விழுந்துச்சு, உங்க பாயிண்ட்" என்று சொல்வார்.

அவருக்குத் தோற்பது பிடிக்காது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நான் மோசமாக ஆடி அவர் ஜெயிப்பது அதைவிடப் பிடிக்காது. முழங்கால் வலி என்று அவர் வராத நாட்களில் வேறு யாரோடாவது ஆடி, எளிதாக ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். ஜெயித்த திருப்தி கொஞ்சம்கூட இருக்காது. அவர் இருந்தால் எடுத்திருப்பாரே என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் தோன்றும்.

நல்ல போட்டி எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எதிராளி இன்று வரவில்லை என்ற செய்தி கிடைக்கிறது. மனசுக்குள் முதலில் எழுவது நிம்மதியா, ஏமாற்றமா? ஏமாற்றம் என்றால் கவலையில்லை. நிம்மதி என்றால் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

போட்டியின் இந்த இரட்டை முகம் அதைப் பற்றிய மிகப் பழைய ஆய்வுகளில் ஒன்றிலேயே தெரிகிறது. நார்மன் டிரிப்ளெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் சைக்கிள் பந்தயப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக நேரத்தோடு மட்டும் போட்டியிட்டு ஓட்டுகிறவரைவிட, பக்கத்தில் இன்னொருவர் இருக்கும்போது ஓட்டுகிறவர் வேகமாகப் போவது தெரிந்தது. அதைச் சோதிக்க 40 குழந்தைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்து 1898-ல் வெளியிட்டார். தூண்டில் நூல் சுற்றும் உருளையின் கைப்பிடியை வேகமாகச் சுற்ற வேண்டும், சுற்றச் சுற்ற ஒரு சின்னக் கொடி நகரும். ஒருமுறை தனியாக, ஒருமுறை இன்னொரு குழந்தையோடு சேர்ந்து. உளவியலில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. போட்டி இருந்தால் வேகம் கூடும் என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவருடைய கணக்கு அப்படி இல்லை. பாதிக் குழந்தைகள், அதாவது 20 பேர், வேகமாகச் சுற்றினார்கள். 10 பேரிடம் பெரிய மாற்றம் இல்லை. மீதி 10 பேருக்குப் போட்டி வந்ததும் வேலை கெட்டுப்போனது. ஜெயிக்க வேண்டும் என்ற படபடப்பில் உடம்பு இறுகி, கை தாளம் தப்பி, தனியாகச் செய்ததைவிட மெதுவாகச் சுற்றினார்கள்.

அந்தப் பத்துக் குழந்தைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எந்த வகுப்பிலும், எந்த அலுவலகத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். வேலை தெரியாதவர்கள் இல்லை. பக்கத்தில் ஒருவரை நிறுத்தி "யார் முதலில்?" என்று கேட்டதும் கை நடுங்குகிறவர்கள்.

நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 2012-ல், கோ முராயாமா, ஆண்ட்ரூ எலியட் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, போட்டி செயல்திறனைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்த்தார்கள். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் விடை ஏறக்குறைய சுழி. அப்படியென்றால் போட்டிக்கு ஒரு விளைவும் இல்லை என்று அர்த்தமில்லை. உள்ளே இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. போட்டி சிலருக்கு "நான் நன்றாகச் செய்ய வேண்டும்" என்ற ஆசையைக் கிளப்புகிறது, அது திறனைக் கூட்டுகிறது. சிலருக்கு "நான் மட்டமாகிவிடக் கூடாது" என்ற பயத்தைக் கிளப்புகிறது, அது திறனைக் குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போவதால்தான் கணக்கு சுழியில் நிற்கிறது. ஒரே மனிதருக்குள்ளும் ஒரே நாளில் இரண்டும் வரும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

சரி, பயத்தின் பக்கம் போவோம். அன்றாட வாழ்க்கையில் அதுதான் அதிகம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு நடைக் குழு இருந்தது. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியம்மா மகள், எங்களுக்கெல்லாம் அக்கா, அவருடைய மனைவி. மாமாவைக் கிளப்புவதற்காக அக்காதான் எல்லோருடைய போனிலும் ஒரு செயலியைப் போட வைத்தார். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று இரவானால் பட்டியல் வந்துவிடும். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. மாடிப்படி ஏறவே அலுத்துக்கொள்கிறவர்கள் எல்லாம் வெளியே இறங்கி நடந்தார்கள். "மாமா இன்னிக்குப் பத்தாயிரம்!" என்று குழுவில் கைதட்டல் பறக்கும்.

அப்புறம் ஒருநாள் இரவு அவர்கள் வீட்டில் தங்க நேர்ந்தது. மணி பன்னிரண்டை நெருங்குகிறது. கூடத்தில் செருப்புச் சத்தம். எழுந்து பார்த்தால், மாமா கையில் போனை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். விளக்குகூடப் போடவில்லை, போன் வெளிச்சம்தான் முகத்தில். "படுங்களேன், நாளைக்கு நடந்துக்கலாம்" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல். "இன்னும் எழுநூறு இருக்கு. சின்னவன் முந்திட்டான்" என்றார் மாமா. சின்னவன் என்பது அவருடைய தம்பி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்த நேரத்தில் சின்னவனும் தூங்கவில்லை. படுத்தபடியே போனை ஆட்டிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார்.

எனக்கு உறைத்தது அந்த நள்ளிரவு நடைகூட இல்லை. செயலி வருவதற்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சாயங்காலத்தில் சேர்ந்து நடப்பார்கள். எப்போதாவதுதான், டாக்டர் சொன்ன அளவுக்கு இல்லை, ஆனால் பேசிக்கொண்டே நடப்பார்கள். பட்டியல் வந்த பிறகு அது நின்றுவிட்டது. சேர்ந்து நடந்தால் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கைதானே வரும்? யாரும் முந்த முடியாதே! நடப்பது கூடியது, சேர்ந்து நடப்பது போய்விட்டது. தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும் என்பது மாமாவுக்குத் தெரியாத விஷயமா என்ன? தெரியும். ஆனால் எதற்காக நடக்க ஆரம்பித்தோம் என்பது மறந்து, யாரை முந்துவது என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. இதற்கிடையில் சின்னவன் மனைவிக்குக் கால்வலி வந்திருக்கிறது. பட்டியலில் கடைசிக்குப் போக மனமில்லாமல் யாரிடமும் சொல்லாமலே சமாளித்திருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்த அக்கா, ஒருநாள் யாரையும் கேட்காமல் குழுவைக் கலைத்துவிட்டார். நல்ல காரியம்.

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. போட்டிக்கு முடிவு இல்லை என்பதுதான் பிரச்சினை. ஷட்டிலில் கடைசிப் பாயிண்ட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, கை குலுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம். விதி இருக்கிறது, கோடு இருக்கிறது, ஆடுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றாட வாழ்க்கையின் போட்டியில் இது எதுவும் கிடையாது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. பல சமயம் தான் ஒரு போட்டியில் இருப்பது எதிராளிக்கே தெரியாது. கூடப் படித்தவன் வீடு கட்டுகிறான். அவன் பாட்டுக்குக் கட்டுகிறான். இங்கே ஒருத்தர் தூக்கமில்லாமல் புரளுகிறார்.

கூடப் படித்தவன் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-ல் எழுதிய கோட்பாடு ஒன்று உண்டு. தன்னை அளந்து பார்க்க வெளியே சரியான அளவுகோல் இல்லாதபோது, மனிதன் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தன்னை அளக்கிறான். அதுவும் எட்டாத உயரத்தில் இருப்பவரோடு இல்லை, தன்னைப்போல இருப்பவரோடு. உலகக் கோடீஸ்வரர் இன்னொரு தீவு வாங்கினால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. பக்கத்து மேசைக்காரருக்கு நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல் சம்பள உயர்வு என்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆபிரகாம் டெசர் என்பவர் பின்னாளில் இதை இன்னும் நெருக்கமாகப் பார்த்தார். நமக்கு நெருங்கியவர், நமக்கு முக்கியமான அதே துறையில் நம்மை மிஞ்சும்போதுதான் மிகவும் வலிக்கிறது. நான் எழுதுகிறேன், தம்பி கிரிக்கெட்டில் கலக்குகிறான் என்றால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவேன். தம்பியும் எழுத ஆரம்பித்து என்னைவிட நன்றாக எழுதினால்?

போட்டியின் தீமை எங்கே போய் விழுகிறது என்பதை இது காட்டுகிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கூடப் படித்தவர், கூட வேலை பார்ப்பவர் என்று நமக்கு மிகவும் வேண்டியவர்கள் மேல்தான் விழுகிறது. கஷ்டம் வந்தால் யாரிடம் போய் நிற்போமோ அவர்களோடுதான் மனசு சதா தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சொல்னிக், ஹெமன்வே என்ற இருவர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வரும். இரண்டு உலகங்களில் எது வேண்டும்? ஒன்றில் உங்கள் ஆண்டு வருமானம் 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000. இன்னொன்றில் உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. விலைவாசி இரண்டிலும் ஒன்றுதான். கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் உலகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கள் வருமானம் பாதியானாலும் பரவாயில்லை, மற்றவர்களைவிடக் கூட இருந்தால் போதும். தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆக வேண்டும் என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததை டாலர் கணக்கில் படித்ததுபோல இருந்தது எனக்கு.

வேலையிடத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில், ஒவ்வொரு அணியிலும் ஆட்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, இத்தனை சதவீதம் பேர் 'மிக நன்று', இத்தனை சதவீதம் பேர் 'போதாது' என்று கட்டாயமாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அணி முழுவதும் அருமையாக வேலை செய்திருந்தாலும் யாராவது ஒருத்தர் கடைசிக்குப் போயே ஆக வேண்டும். எங்கள் அணியில் ஒருவர் ஒரு கோப்பு வைத்திருந்தார். எந்தச் சிக்கல் வந்தால் எங்கே பார்ப்பது, எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று பல வருட அனுபவத்தை அதில் எழுதிக்கொண்டே வருவார். அது எல்லோரும் திறக்கும் பொதுக் கோப்புறையில் இருக்கும். புதிதாக வந்த எல்லோரும் அதைப் படித்துத்தான் வேலை கற்றோம். வரிசைப்படுத்தல் வந்த முதல் வருடம் அவருக்கு நடுத்தர இடம் கிடைத்தது. அவரிடம் கற்றுக்கொண்ட ஒருவருக்கு மேல் இடம். அதற்குப் பிறகு அந்தக் கோப்பு பொதுக் கோப்புறையில் இல்லை. அவர் யாரோடும் சண்டை போடவில்லை. காலையில் வணக்கம் சொல்வார், மதியம் சேர்ந்து சாப்பிடுவார். கேட்டால் "அது பழசாயிடுச்சுங்க" என்பார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தால் தன் கால் வாரப்படும் என்று அந்த ஏற்பாடே கற்றுக்கொடுத்தது, அவர் கற்றுக்கொண்டார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதே மாதிரியான கட்டாய வரிசைமுறையை நெடுங்காலம் வைத்திருந்து, 2013 நவம்பரில் கைவிட்டது. குழு வேலைக்கும் கூட்டு முயற்சிக்கும் அழுத்தம் கொடுக்கப்போவதாக அப்போது ஊழியர்களிடம் சொன்னார்கள். சேர்ந்து செய்ய வேண்டிய வேலையில் ஆளுக்கு ஆள் மோதவிட்டால் முதலில் காணாமல் போவது இந்த மாதிரிக் கோப்புகள்தான். எந்தக் கணக்கிலும் அந்த நஷ்டம் தெரியாது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அக்கா மகள் சின்ன வயதில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் பல்லி வரைவாள். ஏன் பல்லி என்று யாருக்கும் தெரியாது. ஆறு கால் பல்லி, கண்ணாடி போட்ட பல்லி, குடை பிடித்த பல்லி. கை நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் ஓவியப் போட்டிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு பரிசும் வாங்கினாள். எது வரைந்தால் பரிசு வரும் என்பதும் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, பக்கத்தில் குடிசை. கோடு சுத்தமாக இருக்கும், வண்ணம் வெளியே வழியாது. சமீபத்தில் ஒன்றை வரைந்து கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். நல்லா இருக்கா என்று கேட்கவில்லை. "மாமா, இது ஃபர்ஸ்ட் வருமா?" என்று கேட்டாள்.

தெரேசா அமாபிலே என்ற உளவியலாளர் 1982-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 7 முதல் 11 வயது வரையுள்ள சிறுமிகளுக்கு வண்ணக் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யும் வேலை. ஒரு பகுதியினருக்கு, நன்றாகச் செய்கிறவர்களுக்குப் பரிசு என்று சொல்லப்பட்டது. மற்றவர்களுக்குப் பரிசு குலுக்கலில்தான். ஓவியம் தெரிந்தவர்களிடம் படங்களைக் காட்டியபோது, பரிசுக்குப் போட்டியிட்டவர்களின் படங்களில் கற்பனை குறைவாக இருந்தது. அதற்கு முந்தின வருடம் எட்வர்ட் டெசியும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்களிடம் புதிர் கொடுத்துப் பார்த்ததும் இதையே சொல்கிறது. எதிரே இருப்பவரை ஜெயிக்கச் சொல்லப்பட்டவர்கள், பிறகு சும்மா விடப்பட்ட நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. முடிந்தவரை வேகமாகச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களிடம் ஆர்வம் கூடுதலாக இருந்தது. பரிசு வாங்கிய குழந்தை எதையும் இழந்ததாக வெளியே தெரியாது. அலமாரியில் கோப்பை இருக்கிறது. பல்லியைத்தான் காணோம்.

"அவளைப் பார், உன் வயசுதானே" என்று இரண்டு குழந்தைகளை ஒப்பிடும் பெற்றோர், முன்னேற்றத்துக்காகத்தான் சொல்கிறோம் என்பார்கள். நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம், சேர்ந்து விளையாடக் கிடைத்த ஒரு துணையைக் குழந்தையிடமிருந்து பறித்துவிடுகிறது. உடன்பிறந்தவர்களை ஒப்பிடுவது அதைவிட மோசம், ஏனென்றால் அந்தத் துணை ஆயுள் முழுவதற்குமானது.

இவ்வளவு சொன்னதால், போட்டியே இல்லாத உலகத்துக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஜான் லேண்டியின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓட முடியுமா என்று 1950-களின் தொடக்கத்தில் மூன்று கண்டங்களில் ஓட்டக்காரர்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் லேண்டி 1952 டிசம்பரிலேயே 4 நிமிடம் 2.1 விநாடியில் ஓடிவிட்டார். அதற்குப் பிறகும் அந்த இரண்டு விநாடி கரையவில்லை. திரும்பத் திரும்ப அதே 4:02-ல்தான் நின்றார். அவர் ஊரில் அவரை நெருக்கி ஓட ஆள் இல்லை, முன்னால் தனியாகவே ஓடினார். 1954 மே 6 அன்று இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டில் 3:59.4 ஓடிச் சாதித்தார். அவர் தனியாக ஓடவில்லை. கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் முறைவைத்து முன்னால் ஓடி வேகம் கொடுத்தார்கள். 46 நாள் கழித்து, ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் லேண்டி அந்தச் சாதனையை 3:58.0 என்று முறியடித்தார். அன்றைக்கு அவரை விடாமல் பின்னால் துரத்தி வந்தது யார் தெரியுமா? அதே சாட்டவே. இத்தனை நாள் தனியாக ஓடிக் கிடைக்காத அந்த இரண்டு விநாடியும், இன்னும் இரண்டும், முதுகுக்குப் பின்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்டதும் கிடைத்துவிட்டன. ஆகஸ்ட் 7-ல் கனடாவின் வான்கூவரில் பேனிஸ்டரும் லேண்டியும் நேருக்கு நேர் மோதினார்கள். கடைசித் திருப்பத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த லேண்டி இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். அந்தக் கணத்தில் வலப்பக்கமாகப் பேனிஸ்டர் தாண்டிவிட்டார். 3:58.8, 3:59.6. ஒரே ஓட்டத்தில் இரண்டு பேர் 4 நிமிடத்துக்குள் முடித்தது அதுதான் முதல் முறை. பந்தயத்துக்கு முன்னால் லேண்டியின் காலில் வெட்டுக்காயம் பட்டுத் தையல் போட்டிருந்தது. அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இன்னும் இருக்கிறது. 1956 மார்ச்சில், மெல்பர்னில் நடந்த ஆஸ்திரேலிய மைல் பந்தயம். ரான் கிளார்க் என்ற இளம் ஓட்டக்காரர் மூன்றாவது சுற்றில் கால் தடுக்கி விழுந்தார். பின்னால் வந்த லேண்டி அவரைத் தாண்டிக் குதித்தபோது காலணியின் ஆணி கிளார்க்கைக் கீறிவிட்டது. லேண்டி நின்றார். திரும்பி வந்தார். கிளார்க்குக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அதற்கு மேல் ஓடி, அத்தனை பேரையும் துரத்திப் பிடித்து, முதலாவதாக வந்தார்.

எதிராளி விழுந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்திருந்தால் அந்தக் கால்கள் நின்றிருக்காது. அவருக்கு ஜெயிக்கும் வெறி குறைவு என்றும் யாரும் சொல்ல முடியாது, குறைவாக இருந்தால் அவ்வளவு தூரத்தைத் துரத்திப் பிடித்திருக்க மாட்டார். இரண்டும் ஒரே மனிதனுக்குள், ஒரே பந்தயத்தில். வெறியைக் குறைத்தால்தான் மனுஷத்தனம் வரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஓட்டத்தைத்தான் நான் எடுத்துச் சொல்வது.

ஆனால் போட்டியின் நெருக்கம் எந்தப் பக்கமும் சாயும் என்பதும் உண்மை. கேவின் கில்டஃப் என்ற ஆய்வாளர் 2014-ல் ஓர் ஓட்டக் கழகத்தின் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்தார். தனக்கென்று ஒரு போட்டியாளர் அதே பந்தயத்தில் இருந்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 விநாடி வேகமாக ஓடினார்கள். அதே ஆய்வாளர் இன்னும் சிலரோடு சேர்ந்து இத்தாலியக் கால்பந்து லீக்கையும் பார்த்தார். பரம எதிரிகளான அணிகள் மோதும் ஆட்டங்களில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் அதிகமாக விழுந்தன. ஓடவைக்கிற சூடும் காலை வாரவைக்கிற சூடும் ஒன்றுதான்.

கடைசியில் ஒரு கஷ்டமான இடம் இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் இதெல்லாம் வெறும் நல்ல பேச்சு. விளையாட்டில் இன்று தோற்றால் நாளை ஆடலாம். இடம் கொஞ்சமும் ஆட்கள் நிறையவும் இருக்கும் தேர்வுகளில்? ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காது. அங்கே எதிராளி நன்றாகச் செய்யட்டும் என்று எப்படி நினைப்பது?

எனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்கள் ஒரே வேலைத் தேர்வுக்கு, ஒரே அறையில் தங்கிப் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒருவன் இன்னொருவனுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பான். முடிந்தவரை கொடூரமாகக் கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நண்பன் விழித்தால் அன்றைக்குக் கேட்டவனுக்கு வெற்றி. தெரிந்தவர்கள் எல்லோரும் எச்சரித்தார்கள், குறிப்பையெல்லாம் இப்படிக் கொடுத்தால் அவன் உன்னை முந்திவிடுவான் என்று. அவர்களில் ஒருவன் போட்ட கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. "எழுதுறவங்க ஆயிரக்கணக்கில். இவன்கிட்ட மறைச்சா நான் முந்துறது ஒரே ஒரு ஆளை. ஆனா எனக்குக் கேள்வி போட ஆள் போயிடும்." யோசித்துப் பார்த்தால் அசைக்க முடியாத கணக்கு. முகம் தெரியாத ஆயிரம் பேரோடு நம்மால் பொறாமைப்பட முடிவதில்லை. அதனால் பக்கத்தில் முகம் தெரிந்த ஒருவரைப் பிடித்து எதிரியாக்கிக்கொள்கிறோம். கார்சியா, டோர் என்ற இருவர் 2009-ல் காட்டியதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. 10 பேரோடு போட்டி என்று சொல்லப்பட்டவர்கள், 100 பேரோடு போட்டி என்று சொல்லப்பட்டவர்களைவிட வேகமாக வினாத்தாளை முடித்தார்கள், பரிசு பெறும் விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருந்தும். கூட்டம் பெருகப் பெருக, ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த உந்துதல் மங்கிவிடுகிறது. நண்பன் நெருக்கியதால்தான் இவர்கள் இரண்டு பேருக்கும் அது மங்கவில்லை என்று நினைக்கிறேன்.

முடிவு வந்தது. ஒருவனுக்குக் கிடைத்தது, ஒருவனுக்குக் கொஞ்சத்தில் தவறியது. தவறியவன் சில வாரம் நண்பனின் போனை எடுக்கவில்லை. "அவன் மேல கோபமெல்லாம் இல்லை. அவன் குரலைக் கேட்க முடியல, அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னான். கிடைத்தவன் ஆறுதல் சொல்லவும் அறிவுரை சொல்லவும் போகவில்லை. வேலையில் சேர்ந்த பிறகும், வார இறுதியில் கேள்வித்தாள் தயாரித்து அனுப்பிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நாளில் பதில்கள் வரத் தொடங்கின. அடுத்த முறையும் அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. வேறொரு வேலைக்குப் போய்விட்டான், நன்றாக இருக்கிறான். அவன் கேட்ட கேள்விகள் இல்லையென்றால் நான் தேறியிருக்கவே மாட்டேன் என்று கிடைத்தவன் போகிற இடமெல்லாம் சொல்கிறான். அதைக் கேட்கும்போது உனக்கு ஆறுதலாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று தவறியவனிடம் கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்றான்.